நாற்பத்து மூன்றாவது கையெழுத்து

தாட்சாயணி அக்காவுக்குப் பயம் வந்தால் முதலில் கைதான் சில்லென்று ஆகும். உள்ளங்கை வேர்க்கும். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருப்பார். எங்கள் நொச்சிக் கண்டிகையில் அவரைத் தைரியசாலி என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் அவர் கையைத் தொட்டுப் பார்த்ததில்லை.

நாகலாபுரத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர். தொண்ணூறு வீடுகள். வீட்டில் தமிழ், கடையிலும் ஆபீசிலும் தெலுங்கு. தெலுங்கு எல்லோருக்கும் பேச வரும். ஆனால் முப்பது வயதைத் தாண்டிய முக்கால்வாசிப் பேருக்கு அதைப் படிக்க வராது. படித்த பிள்ளைகள் ஹாஸ்டலிலோ வேலையிலோ இருப்பார்கள். அதனால் யார் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது தாட்சாயணி அக்காவிடம்தான் போகும்.

அவர் ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். எட்டாவது வரை தமிழில் படித்தார். பத்தொன்பது வயதில் கேசவனைக் கல்யாணம் செய்துகொண்டு எல்லை தாண்டி இங்கே வந்தார். வந்த புதிதில் ஒருநாள், பஸ் போர்டு படிக்கத் தெரியாமல், புத்தூர் போக வேண்டியவர் சத்தியவேட்டில் போய் இறங்கினார். கையில் காய்ச்சலோடு குழந்தை. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாராம். அன்றிலிருந்து பஸ் போர்டு, சோப்பு உறை, ரேஷன் கடைப் பலகை என்று எதையும் விடாமல் எழுத்துக் கூட்டினார். இரண்டு வருடத்தில் தெலுங்கு படிக்க வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. புரியாத சொல் ஏதாவது வந்தால் அதைத் தெரியாது என்று சொல்லமாட்டார், தாவிப் போய்விடுவார். இத்தனை வருடம் அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

இப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சார்ஜர் ஒயர்களைக் கையில் எடுத்துப் பார்த்து, பழுதானதைப் பொறுக்கிப் போடும் வேலை. விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். அந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில்தான் எங்கள் ஊர் சங்கம் பிறந்தது.

ஊருக்கு மேற்கே ஒரு குன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் கல் குவாரி ஓடுகிறது. வெடி வைக்கும்போது பாத்திரம் அலமாரியிலிருந்து விழும், சுவரில் விரிசல் விடும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பிறகு குன்றின் முன்பக்கத்தையும் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. முன்பக்கத்தில்தான் ஏரிக்கு வரும் ஓடை இருக்கிறது. அது போனால் ஏரி போகும். ஏரி போனால் ஊரில் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் நிற்காது.

பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் முதலில் புலம்பினார்கள். பிறகு தாட்சாயணி அக்கா ஒரு நோட்டில் பெயர்களை எழுதினார். பிளஸ் டூ மாதிரியான இன்டர் படிப்பின் சிவிக்ஸ் புத்தகத்தில் இந்த மாதிரிக் கூட்டத்துக்கு அழுத்தக் குழு என்று பெயர். கட்சி மாதிரி தேர்தலில் நிற்காது. நாற்காலி கேட்காது. நாற்காலியில் இருப்பவர் நம் பக்கம் திரும்பிப் பார்க்கும்வரை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதிவிடலாம். தட்டுகிறவருடைய கை எப்படி நடுங்கும் என்று புத்தகத்தில் இல்லை.

திருப்பதி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குவார்கள். மூன்று திங்கட்கிழமை சம்பளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவது முறை வரிசையில் ப்ரியம்வதா என்ற வக்கீலைச் சந்தித்தார்கள். திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் தமிழ்க் குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும். இவர்கள் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "மனு நன்னாத்தான் இருக்கு. ஆனா உங்க சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லையே. பதிவு பண்ணாத சங்கம்னா, நாலு பேர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனான்னு எழுதி மூடிடுவா. முதல்ல அங்கீகாரம் வாங்கிக்கோங்கோ," என்றார்.

அன்றிலிருந்து ஊரில் அதே பேச்சு. அங்கீகாரம் வந்துவிட்டால் பதில் வரும். அங்கீகாரம் வந்துவிட்டால் யாரும் வரிசையில் நிற்கவைக்கமாட்டார்கள். சங்கத்தில் வயதில் சின்னவளான ரோஜாவுக்கு எல்லாவற்றிலும் கிண்டல். "யக்கா, அங்கீகாரம் வந்தா பஸ்ல சீட்டு குடுப்பானா?" என்று கேட்டுச் சிரிக்கவைப்பாள்.

தாலுகா ஆபீஸ் மாதிரியான மண்டல் ஆபீஸ் வாசலில் ரகு என்பவர் மனு எழுதிக்கொடுத்துப் பிழைக்கிறார். ஜாதிச் சான்றிதழோ பட்டாவோ, எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். சங்கத்தைப் பதிவு செய்யத் தாட்சாயணி அக்காவும் போனார். பத்து நாள் கழித்து ரகு ஒரு சனிக்கிழமை ஊருக்கே வந்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

"அக்கா, இதுல எல்லாரோட கையெழுத்தும் வேணும். படிச்சிட்டு போடுங்க. சாயந்தரம் நான் எடுத்துக்கினு போகணும்."

தண்ணீர்த் தொட்டி அருகே பெண்கள் கூடினார்கள். தாட்சாயணி அக்கா காகிதத்தைப் பிடித்தார். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. உரக்கப் படித்தார்: "அங்கீகார பத்ரமு."

எல்லோர் முகமும் மலர்ந்தது. கீழே ஊர்ப் பெயர் இருந்தது. குன்றின் சர்வே நம்பர் இருந்தது. அதற்கப்புறம் நீளநீளமான ஆபீஸ் தெலுங்கு. அவர் தெரிந்த சொற்களைப் படித்தார், தெரியாதவற்றைத் தாவினார். "நம்ம சங்கத்துக்குத்தான். அங்கீகாரம்," என்றார்.

நாற்பத்திரண்டு பேர் போட்டார்கள். பாதி கையெழுத்து, பாதி கைநாட்டு. நாற்பத்து மூன்றாவது பெயர் கோவிந்தம்மாள். ஆடு வளர்க்கிற, வாய் கொஞ்சம் நீண்ட பெண்மணி. கண் ஆபரேஷனுக்காக வேலூர் போயிருந்தார். ரகு பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டார். வந்தாலும் போடத்தானே போகிறாள் என்று நினைத்து, கோவிந்தம்மாள் பெயரைத் தாட்சாயணி அக்காவே தமிழில் எழுதிவிட்டார்.

அதைப் போட்டோ எடுத்து ப்ரியம்வதாவுக்கு அனுப்பினார். அங்கீகாரம் வந்துவிடும் மேடம் என்று குரலிலும் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு வேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது ப்ரியம்வதாவிடமிருந்து ஏழு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டார்.

"தாட்சாயணி, இந்தப் பேப்பரை யார் எழுதினா?"

"நம்ம ரகுதான் மேடம். ஏன், ஸ்பெல்லிங் தப்பா?"

"இது சங்கத்துக்கு இல்லை. தெலுங்குல அங்கீகாரம்னா சம்மதம். நாம அங்கீகாரம்ங்கறதை அவா குர்திம்புன்னு சொல்லுவா. குன்னோட முன்பக்கத்தைக் குவாரிக்குக் குடுக்க எங்களுக்குச் சம்மதம்னு நாற்பத்து மூணு பேர் எழுதிக் குடுத்திருக்கேள்."

எதிரே டப்பாவில் தயிர்சாதம் இருந்தது. உள்ளங்கை சில்லென்று ஆகிவிட்டது. இருபது வருடமாக எழுத்துக் கூட்டிப் படித்த மொழியில், தமிழிலும் இருக்கிறதே என்று அவர் பயப்படாமல் படித்த ஒரே ஒரு சொல் அது. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் வழக்கம்போலத் தாவியாவது போயிருப்பார்.

"வெள்ளிக்கிழமை ஊர்ல கருத்துக் கேட்புக் கூட்டம். அதுக்குள்ள ஏதாவது பண்ணணும்," என்றார் ப்ரியம்வதா.

மறுநாள் லீவு போட்டு மண்டல் ஆபீஸ் வாசலுக்குப் போனார். ரகு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, இன்னா பேப்பர்பா அது?"

"நான் ஒண்ணும் பொய் சொல்லலியேக்கா. படிச்சிட்டு போடுங்கன்னேன். நீங்கதான் படிச்சீங்க. நான் குவாரிக்கும் எழுதுறேன், சங்கத்துக்கும் எழுதுறேன். யார் வந்தாலும் எழுதுறேன்."

"அத திருப்பி வாங்கிக் குடு."

"அது மேல போயிடுச்சி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. அதுல ஒரு கையெழுத்து ஆள் இல்லாம போட்டது. அந்தம்மா அன்னிக்கு வேலூர்ல இருந்துச்சி. நீங்க வாய தொறந்தா, பொய்க் கையெழுத்து கேசு குவாரி மேல வராது. உங்க மேலதான் வரும். வேல போகும். பாத்துக்கோங்க."

மிரட்டுகிற மாதிரி அவர் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலச் சொன்னார். அதுதான் தாட்சாயணி அக்காவை அதிகம் பயமுறுத்தியது.

கேசவன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தார். "பேசாம இரு. ஒனக்கு யாரு சொன்னது சங்கம் கிங்கம்னு. கூட்டம் நடக்கட்டும். தெரியாத மாதிரி இருந்துக்க," என்றார். கோபமாகச் சொன்னாலும் சாப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை. "நீயாவது துன்னு," என்று தட்டை மனைவி பக்கம் தள்ளிவைத்தார்.

மூன்று நாள். அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. ப்ரியம்வதா கூப்பிட்டபோதும் போனை எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் பெண்கள் சங்கத்துக்குப் பலகை எழுதுவதைப் பற்றிப் பேசும்போது தலையாட்டினார். வாசலில் பைக் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டு எழுந்தார். கம்பெனியில் நல்ல ஒயரைப் பழுது என்று தள்ளினார், பழுதை நல்லது என்று விட்டார். சூப்பர்வைசர் கூப்பிட்டபோது கேஸ் வந்துவிட்டது என்றே நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை துணிப்பையில் இரண்டு புடவை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் போனார். இதை அவரே பிறகு சொன்னார், மறைக்கவில்லை. ஊத்துக்கோட்டை பஸ் தூரத்தில் வந்தது. போர்டை எழுத்துக் கூட்டாமலே படித்தார். அதே நேரம், அந்த வழியாகக் கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக ஊருக்குள்ளிருந்து பெண்கள் கும்பலாக வந்தார்கள். எல்லோரும் விசேஷத்துக்குக் கட்டும் புடவையில் இருந்தார்கள். கூட்டத்துக்குப் போக அவர் தங்களுக்காகத்தான் முன்னாடி வந்து நிற்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

ரோஜா மட்டும் பையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மீட்டிங்குக்குத் துணிப் பையோட வந்துகீற? ஜெயிலுக்கா போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பஸ் நின்றது, இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது. தாட்சாயணி அக்கா ஏறவில்லை. ஏறாததற்குத் தைரியம் காரணமில்லை, அத்தனை பேர் நடுவிலிருந்து கிளம்பிப் போக வெட்கம் என்றுதான் அவர் சொல்கிறார்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் போலீஸ். லாரி உரிமையாளர் சங்கத்தினர் மஞ்சள் துண்டு போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைவர் முதலில் பேசினார். குவாரி நின்றால் அறுபது டிரைவர் வீட்டில் அடுப்பு எரியாது என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அதுவும் ஒரு அழுத்தக் குழுதான். அவர்களும் தட்டுகிறார்கள். அவர்களிடம் லாரி இருப்பதால் சத்தம் அதிகம் கேட்கிறது.

பிறகு ஒரு அதிகாரி காகிதத்தை எடுத்துத் தெலுங்கில் வாசித்தார். நொச்சிக் கண்டிகையைச் சேர்ந்த நாற்பத்து மூன்று பேர் இந்தத் திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்து எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். பெயர்கள் வருமாறு.

முதல் பெயர் வந்ததும் அந்தப் பெண் திரும்பித் தாட்சாயணி அக்காவைப் பார்த்தாள். இரண்டாவது பெயர், இரண்டாவது முகம். பெயர் வர வர ஒவ்வொரு முகமாகத் திரும்பியது. பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாகத்தான்: "நீதானடி படிச்ச."

அவர் எழுந்து நின்றார். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பேச அனுமதி கேட்டார். மைக் வந்தது.

"சார், எம்பேரு தாட்சாயணி. அந்தப் பேப்பர நான்தான் இவங்களுக்குப் படிச்சேன். அங்கீகாரம்னு போட்டிருந்துச்சி. எங்க தமிழ்ல அதுக்கு வேற அர்த்தம். சங்கத்துக்குப் பேரு குடுக்குறாங்கன்னு நெனச்சி படிச்சேன். இவங்க என்னை நம்பி போட்டாங்க. யாருக்கும் சம்மதம் இல்ல."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். "கையெழுத்து போட்டப்புறம் அர்த்தம் மாறுமா?" என்றார் இன்னொருவர்.

அதிகாரி, எழுதிக்கொடுத்த பிறகு வாயால் மறுத்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். கையெழுத்தெல்லாம் உண்மையானவைதானே என்றார்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். கேசவன் பந்தலுக்கு வெளியிலிருந்து உட்கார் என்று கையைக் காட்டினார். ரகு ஒரு ஓரத்தில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாட்சாயணி அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். கை வேர்வையில் அது வழுக்கியது.

"நாப்பத்தி ரெண்டுதான் சார் உண்மை. கடைசி கையெழுத்து கோவிந்தம்மாளுது இல்ல. அவங்க அன்னிக்கு ஊர்ல இல்ல. நான் போட்டது. தப்பு."

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"பொய்க் கையெழுத்து போட்டதா நீங்களே சொல்றீங்க. எழுதிக்கலாமா?" என்றார் அதிகாரி, தெலுங்கில்.

"எழுதிக்கோங்க சார். ஆனா முழுசா எழுதுங்க. ஏன் போட்டேன்னும் எழுதுங்க."

மேடையில் தலைகள் கூடின. கடைசியில் அறிவித்தார்கள். ஒரு கையெழுத்து போலி என்று தெரிந்த பிறகு இந்தக் காகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வி.ஆர்.ஓ. எனப்படும் கிராம வருவாய் அதிகாரி வீடு வீடாகப் போய் நாற்பத்து மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்து எழுத வேண்டும். தாட்சாயணி மீது என்ன நடவடிக்கை என்பது, கோவிந்தம்மாள் கொடுக்கும் வாக்குமூலத்தைப் பொறுத்தது.

அடுத்த சில நாட்கள் அவரிடம் படிக்க ஒரு காகிதமும் வரவில்லை. மின்சார பில்லைக்கூட நாகலாபுரம் கடையில் கொடுத்துப் படித்துக்கொண்டார்கள். இன்னொன்றும் காதில் விழுந்தது. ரகு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். கோவிந்தம்மாள் மகனுக்குக் குவாரியில் வேலை என்று சொல்லியிருக்கிறார்.

கோவிந்தம்மாள் வேலூரிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். நேராகத் தாட்சாயணி அக்கா வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"எம்பேர நீ எழுதினியாமே."

"ஆமாக்கா. தப்புதான்."

"முழுசா எழுதினியா?"

"ஆமா."

"நான் எழுதினா 'கோ'ன்ற எழுத்தோட நின்னுடும். அத்தினி அழகா எனக்கு எழுத வருமாடி? மாட்டிக்கிற மாதிரியே எழுதிகீற." அவ்வளவுதான் சொன்னார். ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். விசாரணையில் என்ன சொல்வார் என்று முகத்தில் தெரியவில்லை. கண்ணாடி மறைத்திருந்தது.

விசாரணைக்கு முதல்நாள் ரோஜாதான் பெண்களைத் தண்ணீர்த் தொட்டி அருகே கூட்டினாள். பாதிப் பேர்தான் வந்தார்கள். தாட்சாயணி அக்கா சற்றுத் தள்ளி நின்றார். இன்னும் தள்ளி, கோவிந்தம்மாள் ஆடுகளோடு நின்றார்.

"ஆபீசரக் கண்டா நம்ம வாய் தன்னால அவுனு அவுனுன்னு சொல்லும். பயத்துல ஆமாம்தான் வரும்," என்றாள் ரோஜா. "நாளைக்கு அவரு, மீக்கு அங்கீகாரமேனா, ஒங்களுக்குச் சம்மதமான்னு கேப்பாரு. அவுனுன்னா குன்னு போச்சி. காதுன்னு சொல்லணும். தெலுங்குல காதுன்னா இல்லன்னு ஒங்களுக்கே தெரியும். மறந்துட்டீங்கன்னா ஒங்க காதத் தொட்டுக்கோங்க, ஞாபகம் வந்துடும்."

"தோடு போட்ட காதா, போடாத காதா?" என்று ஒருத்தி கேட்டாள். வந்த பாதிப் பேரும் சிரித்தார்கள். தாட்சாயணி அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வி.ஆர்.ஓ. மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். வந்ததும் தாட்சாயணி அக்காவைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை எந்த வீட்டுப் பக்கமும் வரக்கூடாது, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டக்கூடாது என்றார். அவர் தொட்டி மேடையில் உட்கார்ந்தார். அங்கிருந்து தெரு முழுதும் தெரியும். ஒன்றும் கேட்காது.

முதல் வீடு. வி.ஆர்.ஓ. கேட்டார், அந்தப் பெண் ஏதோ சொன்னாள், அவர் எழுதினார். ஆமாம் என்றாளா இல்லை என்றாளா தெரியவில்லை. நான்காவது வீட்டில் ரோஜா உரக்கவே சொன்னாள், அது மட்டும் கேட்டது. ஒன்பதாவது வீட்டுக் கதவு திறக்கவேயில்லை. ரகுவின் பைக் அந்த வீட்டு முன்னால் இரண்டு நாளாக நின்றது ஊருக்கே தெரியும். வெயில் ஏறியது. தாட்சாயணி அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். கை ஈரமாக இருந்தது.

கோவிந்தம்மாள் வீடு தெருவின் கடைசி. வி.ஆர்.ஓ. அங்கே மற்ற இடங்களைவிட அதிக நேரம் நின்றார். காகிதத்தை நீட்டிக் காட்டினார், கடைசி வரியில் விரல் வைத்தார். கோவிந்தம்மாள் குனிந்து, கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்தார். மகன் பின்னால் நின்று ஏதோ சொன்னான். அவர் கையை வீசி அவனை உள்ளே போகச் சொன்னார். வி.ஆர்.ஓ. குன்றின் பக்கம் கையைக் காட்டி மறுபடி ஏதோ கேட்டார்.

தாட்சாயணி அக்கா எழுந்து நின்றுவிட்டார். தொட்டியைத் தாண்டக்கூடாது என்பதால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கோவிந்தம்மாள் நிமிர்ந்தார். பிறகு, மறந்துபோனதை யோசிப்பவர்போல, வலது கையை மெல்லத் தூக்கித் தன் காதைத் தொட்டார்.

வி.ஆர்.ஓ. குனிந்து எழுதினார்.